வெள்ளைத் தாள்: ஜப்பானில் ஏழு நாள்

அக்டோபர் 8, 2025, புதன் – நிஷி கசாய், டோக்கியோ

நரிதாவில் இறங்கி, மச்சினன் வீட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு, பசிக்கிறது என்று கீழே கடைக்குப் போனோம். 24 மணி நேரமும் திறந்திருக்கும் கடை, கொம்பினி என்கிறார்கள். உமெபோஷி வைத்த சோற்று உருண்டை இரண்டு எடுத்தேன். உமெபோஷி உப்பில் ஊறிய ஒரு பழம், நம் மாவடுவுக்குத் தூரத்துச் சொந்தம். பில் போடும் பெண் ஏதோ கேட்டாள். மச்சினன் ஒரு வார்த்தை பதில் சொன்னான்.

"என்னடா கேட்டா?"

"இங்கேயே உக்காந்து சாப்பிடறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களான்னு. உக்காந்தா வரி 10 சதவீதம், எடுத்துட்டுப் போனா 8. போறோம்னு சொல்லிட்டேன் மாமா."

150 யென் உருண்டைக்கு 12 யென் வரி. உட்கார்ந்தால் 15. மூன்று யென்னை மிச்சம் பிடித்து, தெருவில் நின்றபடியே தின்றோம். தெருவில் நின்று சாப்பிடுவது இங்கே அவ்வளவு மரியாதை இல்லையாம். அதை அவன் சாப்பிட்டு முடித்தபிறகுதான் சொன்னான்.

இந்த மூன்று யென்னுக்குப் பின்னால் ஒரு கட்சி இருக்கிறது, பெயர் கோமெய்டோ. 2019 அக்டோபரில் நுகர்வு வரி 8-லிருந்து 10 ஆனபோது, சாப்பாட்டுப் பொருளை மட்டும் பழைய 8-லேயே விடவேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றது இந்தக் கட்சிதான். பெரிய கூட்டாளியான எல்டிபி, அதாவது லிபரல் ஜனநாயகக் கட்சி, அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டது. வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும் சந்தாப் பத்திரிகைக்கும் அதே 8 சதவீதம். கோமெய்டோவுக்கு ஒரு நாளிதழ் உண்டு, அதைப் பெற்றெடுத்த சோகா கக்காய் என்ற பௌத்த அமைப்புக்கு இன்னொரு நாளிதழ் உண்டு. அதைச் சொல்லிக் கண்ணடிப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பது தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து, விரலில் மை வைத்து, விடியவிடியப் பெட்டிக்குக் காவல் இருந்தவன். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு அடுத்து ஓட்டுதான் கண்ணில் படும். வந்த காரணம் ஒசாகா எக்ஸ்போ. வந்த நேரம் வேறு மாதிரி அமைந்துவிட்டது. போன சனிக்கிழமை தகாயிச்சி சனாயே எல்டிபியின் தலைவராகத் தேர்வானார், அந்தக் கட்சிக்கு முதல் பெண் தலைவர். எப்போதும் தலைவர் மாறிய கையோடு இரு கட்சிகளும் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடும். இந்தமுறை கோமெய்டோ இன்னும் போடவில்லை.

லிஃப்டில் ஒரு பாட்டியம்மா குனிந்து வணங்கினார். மச்சினனும் குனிந்தான். "எதிர்வீட்டு ஒபாசான். கோமெய்டோ கட்சிக்காரங்க. தேர்தல் வந்தா எங்கிட்டயும் வந்து பேசுவாங்க. எனக்கு இங்க ஓட்டே கிடையாதுன்னு சொல்லிட்டேன், அப்பவும் பேசுவாங்க."

அக்டோபர் 9, வியாழன் – ஷினனோமாச்சி, இகெபுகுரோ

22-ஆம் நம்பர் புயல் தெற்கே ஹச்சிஜோ தீவை அடித்துவிட்டுப் போயிருக்கிறது. டோக்கியோவுக்கு மிஞ்சியது காற்றுதான். குடை இரண்டுமுறை திருப்பிக்கொண்டது.

ஷினனோமாச்சி சின்ன ஸ்டேஷன். எதிரே பெரிய ஆஸ்பத்திரி. சற்று நடந்தால் தெருவே நிறம் மாறுகிறது: நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூவண்ணக் கொடிகள். ஜபமாலை, ஊதுபத்தி, வீட்டில் வைக்கும் பூஜை அலமாரி விற்கும் கடைகள். இது சோகா கக்காயின் ஊர். நிச்சிரென் என்ற 13-ஆம் நூற்றாண்டுத் துறவியின் வழியில் வந்த, துறவிகள் இல்லாத இல்லறத்தார் அமைப்பு. காலையும் மாலையும் தாமரைச் சூத்திரத்தின் பெயரைச் சொல்லி ஓதுவார்கள்: "நம்-மியோஹோ-ரெங்கே-கியோ". அமைப்பு சொல்லும் கணக்கில் 82 லட்சத்து 70 ஆயிரம் குடும்பங்கள். ஆளைச் சொல்லாமல் குடும்பத்தை எண்ணுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2013-இல் கட்டிய பெரிய மண்டபம் தூண் தூணாக நிற்கிறது. உள்ளே உறுப்பினர்களுக்கு மட்டும். கோட் போட்ட ஒரு பையன் வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்கிறான். என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கட்சித் தலைமை அலுவலகமும் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

சென்னையில் மதனாங்குப்பத்தில் சோகா இகெதா பெயரில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து யாரோ பெரிய விஞ்ஞானி போலிருக்கிறது என்று பல வருஷம் நினைத்திருந்தேன். சோகா என்றால் மதிப்பை உண்டாக்குவது என்று பொருள். இகெதா டாய்சாகு இந்த அமைப்பின் மூன்றாவது தலைவர். 1964 நவம்பர் 17-இல் கோமெய்டோவைத் தொடங்கியவர். 2023 நவம்பரில், 95 வயதில் இறந்தார்.

எனக்கு மனசு ஒட்டியது முதல் தலைவரோடுதான். மகிகுச்சி சுனெசபுரோ, டோக்கியோவில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1930-இல் கல்வி அமைப்பாகத்தான் இதைத் தொடங்கினார். போர்க்காலத்தில் எல்லா வீட்டிலும் இசே ஆலயத்தின் தாயத்தை வைக்கச் சொன்னது அரசாங்கம். வாத்தியார் மாட்டேன் என்றார். 1943-இல் கைது, அடுத்த வருஷம் நவம்பர் 18-இல் சிறையில் சாவு, 73 வயது. கூடச் சிறைக்குப் போன சீடர் தோதா ஜோசெய் வெளியே வந்து மறுபடி கட்டினார்.

மத்தியானம் அந்தச் சிறை இருந்த இடத்தைத் தேடி இகெபுகுரோ போனோம். சுகாமோ சிறையை இடித்துவிட்டு 60 மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், சன்ஷைன் 60. கீழே கடைகள், மேலே வேடிக்கை பார்க்கும் தளம், பக்கத்தில் மீன் காட்சியகம். பூங்காவில் நினைவுக்கல் ஒன்று உண்டு. அது போருக்குப் பின் இங்கே தூக்கிலிடப்பட்ட தலைவர்களை நினைத்து வைத்தது. வாத்தியாருக்கு எதையும் நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி – நாகதாச்சோ

இன்று நடந்ததை என் பேரன்கள் நம்பமாட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் மேலவையை வேலைநாட்களில் இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். மத்திய மண்டபத்தின் நான்கு மூலையில் நான்கு பீடம். மூன்றில் சிலை: இத்தோ, ஓகுமா, இதாகாகி. மூவரும் ஜப்பானிய நாடாளுமன்ற முறைக்கு அடிபோட்டவர்கள். நான்காவது பீடம் காலி. யாரை வைப்பது என்று முடிவாகவில்லை என்பார் சிலர், அரசியலில் முழுமை கிடையாது என்பதற்காக விட்டது என்பார் சிலர். கூட வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் காலிப் பீடத்தைத்தான் அதிகநேரம் பார்த்தார்கள்.

வெளியே வந்தால் கேமராக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஓடுகிறார்கள். தகாயிச்சியும் கோமெய்டோ தலைவர் சைதோ தெட்சுவோவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான் மச்சினன், போனைப் பார்த்தபடி. ஒன்றரை மணி நேரம் பேச்சு. நாங்கள் ரயிலில் இருக்கும்போதே முடிவு வந்துவிட்டது. எங்கள் பெட்டியில் எல்லாப் போனும் ஒரேசமயம் அதிர்ந்தது.

கூட்டணி முடிந்தது. 1999 அக்டோபரில் தொடங்கியது, 26 வருஷம். நடுவில் 2009-இலிருந்து 2012 வரை எதிர்க்கட்சியாக இருந்தபோதும் இருவரும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

சைதோ சொன்ன சொல்லை மச்சினன் எழுதிக் காட்டினான்: ஹகுஷி. அப்படியே சொன்னால் வெள்ளைத் தாள். கூட்டணியைத் தற்போதைக்கு வெள்ளைத் தாளாக்கி, இதுவரை இருந்த உறவுக்கு ஒரு கோடு போடுகிறோம் என்கிறார். காரணம் பணம். எல்டிபியின் கோஷ்டிகள் நிதி திரட்டும் விருந்துகளில் வந்த பணத்தைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தது 2023 கடைசியில் அம்பலமானது. கம்பெனிகள் தரும் நன்கொடையை வாங்கும் இடங்களைக் குறைக்க வேண்டும், கட்சித் தலைமையகமும் மாகாணக் கிளையும் மட்டும் வாங்கட்டும் என்றது கோமெய்டோ. இப்போது எல்டிபிக்கு மூலைமுடுக்கெல்லாம் வாங்கும் கிளைகள் இருக்கின்றன. யோசித்துச் சொல்கிறோம் என்றார் தகாயிச்சி. அது போதவில்லை.

ஜப்பானில் இந்தக் கட்சிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கெதாவில் ஒட்டிய பனி. கெதா என்பது மரச்செருப்பு. மிதித்தாலும் உதைத்தாலும் கூடவே வரும் என்று ஒரு பழைய பாட்டு வரி. அமைதிக் கட்சி என்று சொல்லிக்கொண்டே 2003-இல் ஈராக்குக்குப் படை அனுப்ப ஒத்துக்கொண்டது, 2015-இல் நட்பு நாட்டுக்காகவும் போரிடலாம் என்ற பாதுகாப்புச் சட்டங்களுக்குக் கைதூக்கியது. அந்த வருஷம் நாடாளுமன்றத்துக்கு வெளியே எதிர்த்து நின்ற கூட்டத்தில் மூவண்ணக் கொடிகளும் தெரிந்தன. தங்களால்தான் சட்டத்துக்குக் கடிவாளம் விழுந்தது என்று கட்சி சொன்னது. ஓரளவு உண்மைதான். ஆனாலும் பனி என்ற பெயர் போகவில்லை, இன்று வரைக்கும்.

இரவு எட்டரைக்கு மணி அடித்தது. எதிர்வீட்டு ஒபாசான். கையில் ஒரு பை மிகான், பச்சை முழுதாக மாறாத ஆரஞ்சு. ஊரிலிருந்து விருந்தாளி வந்திருப்பதால் கொண்டுவந்தாராம். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. நாலு மணியிலிருந்து போன் விடவில்லை, இன்னும் பதினோரு பேரிடம் பேச வேண்டும் என்றார்.

"வருத்தமா, சந்தோஷமா?" என்று கேட்கச் சொன்னேன்.

மச்சினன் கேட்டான். அவர் கொஞ்சநேரம் மிகானையே பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். சுக்கிரி. தலைபாரம் இறங்கின மாதிரி, குளித்துத் தலை துவட்டின மாதிரி என்று மொழிபெயர்த்தான். உடனே அவரே, "நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 11, சனி – காமகுரா

மழைத்தூறல். அடுத்த புயல் வருகிறதாம்.

காமகுராவுக்கு எல்லோரும் பெரிய புத்தரைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் முதலில் கொமாச்சி ஓஜி என்ற தெருவில் ஒரு கல்வேலியைத் தேடினோம். நிச்சிரென் நின்று தெருவில் போகிறவர்களிடம் பேசிய இடம். 1260-இல், பூகம்பமும் பஞ்சமும் கொள்ளைநோயும் மாறி மாறி வந்த காலத்தில், நாட்டின் அமைதிக்கு எது சரியான தர்மம் என்று ஒரு நூல் எழுதி, உண்மையான அதிகாரம் வைத்திருந்த ஹோஜோ தொகியோரியிடம் கொடுத்தார். மற்ற நெறிகளை விட்டுவிடுங்கள், விடாவிட்டால் உள்நாட்டுக் கலகமும் அன்னியப் படையும் வரும் என்றார். மறுவருஷம் நாடுகடத்தினார்கள். மங்கோலியர் படை 1274-இல் வந்தது.

மதம் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த வேரிலிருந்து எப்படிக் கட்சி முளைத்தது என்பதுதான் சங்கடமான கதை. 1955 உள்ளாட்சித் தேர்தலில் சோகா கக்காய் முதன்முதலில் ஆட்களை நிறுத்தியது. அமைப்பும் அரசும் ஒன்றுகலக்க வேண்டும் என்று அப்போது வெளிப்படையாகவே பேசினார்கள். 1969-இல் தங்களை விமர்சித்து வந்த ஒரு புத்தகத்தை வெளிவராமல் தடுக்கப் பார்த்தார்கள், நாடே கொதித்தது. 1970 மே 3-இல் இகெதா மன்னிப்பு கேட்டார். மதமும் கட்சியும் அமைப்பு அளவில் பிரிந்தன. ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, எந்த மத அமைப்பும் அரசு அதிகாரத்தைச் செலுத்தக் கூடாது என்கிறது. மத அமைப்பு தேர்தலில் ஆதரவு கொடுப்பதை அது தடுக்கவில்லை என்பது அரசாங்கத்தின் விளக்கம். கட்சி அந்த விளக்கத்தின்மேல்தான் நிற்கிறது. எனக்கு அது கயிறு மாதிரித்தான் தெரிகிறது. நடக்கலாம், ஓட முடியாது.

பிறகு எனோடென் என்ற குட்டி ரயிலில் ரியூகோஜி கோயிலுக்கு. கடைசியில் ரயில் தெருவிலேயே ஓடுகிறது, காரும் சைக்கிளும் ஒதுங்கி வழிவிடுகின்றன. கோயில் வாசலில் ஒரே வெட்டாகத் திரும்புகிறது. 1271-இல் நிச்சிரெனின் தலையை வெட்டக் கொண்டுவந்த இடம் இது. வானத்தில் ஓர் ஒளி தோன்றி, வாள் ஓங்கியவன் நடுங்கிப்போனான் என்பது கதை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின கதை. கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும் வழியில் ஒரு கிழவி ஓடிவந்து எள் தடவிய அரிசி உருண்டை கொடுத்தாளாம். இன்றும் செப்டம்பர் 12-இல் அதே உருண்டையைப் படைத்துக் கொடுக்கிறார்கள்.

எதிர்வீட்டு ஒபாசானுக்கு ஒரு தாயத்து வாங்கலாம் என்றேன். மச்சினன் பதறினான். "ஐயோ மாமா, வேணாம். அவங்க இந்தக் கோயிலுக்கெல்லாம் வரவே மாட்டாங்க." நிச்சிரென் பெயரில் பல கிளை. இவர்கள் சார்ந்திருந்த கிளையின் குருமாரே 1991-இல் சோகா கக்காயை விலக்கிவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு குருவும் இல்லை கோயிலும் இல்லை. வீட்டு அலமாரியும் பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு – ஒசாகா

ஷின்கான்சென்னைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த ரயிலும், ரோடும், நான் வந்த சுற்றுலாவும் ஒரே அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. 2012 டிசம்பரிலிருந்து தொடர்ந்து ஐந்து அமைச்சர்கள், ஐவரும் கோமெய்டோ. சைதோவும் அதில் ஒருவர். ரயில் பைத்தியம் என்று பெயரெடுத்தவர். அவர் பெயரில் வரும் தெட்சு என்ற எழுத்துக்கே இரும்பு என்றுதான் பொருள். கூட்டணி போனால் அந்த நாற்காலியும் போகும். பாலமும் அணையும் கட்டும் இலாகாவை விடுவது எந்தக் கட்சிக்கும் லேசில்லை. பனி என்று கிண்டல் செய்தவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

நகனோஷிமாவில், ஆற்றுத் தீவில், செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1918-இல் திறந்த பொது மண்டபம். ஒரு பங்குத்தரகர் பத்து லட்சம் யென் கொடுத்துக் கட்டச் சொன்னார். சந்தையில் நொடித்துப்போய், கட்டடம் முடியுமுன்னே தற்கொலை செய்துகொண்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேள் என்று பலர் சொல்லியும் கேட்கவில்லையாம்.

கோமெய்டோக்காரர்களுக்கு இந்த மண்டபம் வேறொரு காரணத்துக்காகக் கோயில் மாதிரி. 1956 மேலவைத் தேர்தலில், பேஸ்பால் பந்துவீச்சாளராக இருந்த ஷிராகி என்பவரை சோகா கக்காய் ஒசாகாவில் நிறுத்தி ஜெயித்தது. நடக்காது என்று நினைத்தது நடந்தது என்று பத்திரிகையில் தலைப்பு. அடுத்த வருஷம் ஓர் இடைத்தேர்தலில் சட்டமீறல் என்று இகெதாவைக் கைது செய்தார்கள். 1957 ஜூலை 17-இல் விட்டார்கள். அன்று மாலையே கொட்டும் மழையில் இந்த மண்டபத்தில் கூட்டம். உள்ளே இடமில்லாமல் ஜனம் ஆற்றங்கரையில் நனைந்துகொண்டு நின்றது. 1962-இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஜோஷோ கன்சாய் என்று பெயர், தோல்வியறியாத கன்சாய்.

அந்தக் கன்சாயில்தான் போன வருஷம் அடி விழுந்தது. ஒசாகாவின் சொந்தக் கட்சியான இஷின், கோமெய்டோ நிற்கும் நான்கு தொகுதிகளில் மட்டும் ஆள் நிறுத்தாமல் இருந்து வந்தது. நகர நிர்வாகத்தை மாற்றும் திட்டத்துக்கு கோமெய்டோ ஒத்துழைக்கும், பதிலுக்கு இவர்கள் ஒதுங்குவார்கள். 2020 வாக்கெடுப்பில் திட்டமே தோற்றுப்போனது. 2024 அக்டோபரில் இஷின் 19 தொகுதியிலும் ஆள் நிறுத்தி, 19-ஐயும் அள்ளியது. கோமெய்டோவின் நான்கும் காலி. அதே நாளில் தலைவராகி ஒரு மாதமேயான இஷீ கெய்ச்சி சைதாமாவில் தன் தொகுதியையே இழந்தார். கட்சி 32-லிருந்து 24-க்கு இறங்கியது. எல்டிபியின் 191-ஐச் சேர்த்தாலும் 215 தான், பெரும்பான்மைக்கு 233 வேண்டும். இந்த ஜூலை மேலவைத் தேர்தலிலும் எட்டே இடம்.

சீட்டை விட ஓட்டைப் பார்த்தால்தான் வலி தெரியும். விகிதாசாரப் பட்டியலில், அதாவது கட்சிக்கு விழும் ஓட்டில், 2005-இல் கிட்டத்தட்ட 90 லட்சம். இந்த ஜூலையில் 52 லட்சம். மழையில் நனைந்து நின்றவர்களுக்கு வயதாகிவிட்டது.

மண்டபத்தின் அடியில் ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. நான் காபி மட்டும் குடித்தேன். உட்கார்ந்துதான். 10 சதவீதம்.

அக்டோபர் 13, திங்கள் – யுமெஷிமா

எக்ஸ்போவின் கடைசி நாள். மரத்தில் கட்டிய பெரிய வளையம், சுற்றளவு இரண்டு கிலோமீட்டர். மேலே ஏறி நடந்தோம். கூட்டம், வரிசை, மறுபடி வரிசை. எந்த மண்டபத்துக்கும் முன்பதிவு கிடைக்கவில்லை. கால் வீங்கிவிட்டது. படங்கள் தனியாகப் போடுகிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய் – நிஷி கசாய்

ராத்திரி விமானம். பகலில் ஒபாசான் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்.

சின்ன வீடு. அறையில் பாதியை அடைத்துக்கொண்டு பூஜை அலமாரி, கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் கணவரின் படம். மச்சினன் வாங்கிவந்த கேக்கை முதலில் அங்கே வைத்துவிட்டுத்தான் எங்களுக்கு வெட்டினார்.

அகிதாவில் விவசாயக் குடும்பம். 1962-இல், 15 வயதில், பள்ளி முடித்த பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வேலைக்கு ஏற்றிவரும் ரயிலில் உவெனோவில் இறங்கினார். தையல் ஆலை. விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தபோது, முன்பின் தெரியாத ஓர் அம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அவர் சோகா கக்காய். "ஏழைகளும் சீக்காளிகளும் சேர்ந்த கூட்டம்னு அப்ப எங்களைச் சொல்லுவாங்க. நான் ரெண்டுமா இருந்தேன்" என்று சிரித்தார். 20 வயது முடிந்த சில நாளில் முதல் ஓட்டு, 1967 ஜனவரி. கோமெய்டோ கீழவைக்கு நின்ற முதல் தேர்தலும் அதுதான். 25 பேர் ஜெயித்தார்கள்.

வாத்தியார் என்றதும் அவருக்கு உற்சாகம். ஓட்டுச்சீட்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன். இங்கே சின்னமும் இல்லை, பொத்தானும் இல்லை. காலிச் சீட்டில் பென்சிலால் பெயரைக் கையால் எழுதவேண்டும். கீழவைக்கு இரண்டு சீட்டு. தொகுதிக்கு வேட்பாளர் பெயர், விகிதாசாரத்துக்குக் கட்சி பெயர். சீட்டு சாதாரணக் காகிதம் இல்லை, மடித்துப் பெட்டியில் போட்டால் உள்ளே தானாக விரிந்துகொள்ளும், எண்ணுகிறவர்களுக்கு விரல் மிச்சம். ஒன்பது தேர்தலில் மடிப்புப் பிரித்தே விடிந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்தன. அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். முதல் எழுத்து கோ, பொது. இரண்டாவது மெய். இடதுபக்கம் சூரியன், வலதுபக்கம் நிலா, சேர்ந்தால் வெளிச்சம். "சூரியனையும் நிலாவையும் மறக்காம எழுதுங்கன்னு சொல்லுவேன். வயசானவங்க பாதியில விட்டுடுவாங்க."

எழுந்துபோய் ஒரு நோட்டு எடுத்துவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்றது. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது இங்கே குற்றம், போன் செய்யலாம். அதனால் நோட்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் சில பக்கங்கள். பெயர், ஊர், பக்கத்தில் ஒரு குறி. அமைப்புக்கு வெளியே உள்ள சிநேகிதர்களிடம் வாங்கும் ஓட்டை எஃப் ஓட்டு என்கிறார்கள், எஃப் என்றால் நண்பர். தையல் ஆலையில் கூட வேலை பார்த்தவள், கணவரின் பல் டாக்டர், மீன்கடைக்காரர். போடுகிறேன் என்றால் வட்டம், யோசிக்கிறேன் என்றால் முக்கோணம். பழைய பக்கங்களில் பல பெயர்களின்மேல் மெல்லிய கோடு. நான் கேட்காமலே சொன்னார்: இறந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் இரண்டு வரி. கீழ்வரி எப்போதும் அந்த இரண்டு எழுத்து, சூரியனும் நிலாவும். மேல்வரியில் தொகுதி வேட்பாளர். பெரும்பாலும் எல்டிபி ஆள். தொகுதிக்கு அவர், பட்டியலுக்கு நாங்கள், அதுதான் ஏற்பாடு. ஒரு தொகுதியில் கோமெய்டோ ஓட்டு பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் என்று பத்திரிகைகள் கணக்குப் போடுகின்றன. இருபதாயிரத்துக்குக் குறைவாக ஜெயிக்கும் எல்டிபிக்காரர்கள் நிறைய. அந்த இருபதாயிரமும் இப்படி நோட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் பெண்களின் கையெழுத்தில். எல்டிபி தலைவர் அதை இழந்தோம் என்று உணர எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தேன். நோட்டு வைத்திருப்பவர்களை இருபத்தாறு வருஷம் யாராவது கேட்டார்களா என்றும் யோசித்தேன்.

"போன தேர்தலில்தான் ரொம்பக் கஷ்டம்," என்றார். பணக் கணக்கில் மாட்டியவர்களில் சிலரையும் கட்சி ஆதரித்தது. "மீன்கடைக்காரர் கேட்டார், இந்த ஆளையா சொல்றீங்க ஒபாசான்னு. நாப்பது வருஷத்துப் பழக்கம். பதில் சொல்ல முடியல. முக்கோணம் போட்டேன்."

அடுத்து என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேரப் பார்க்கின்றன, எல்டிபி புதுக் கூட்டாளி தேடுகிறது. பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் சைதோவின் பெயரைத்தான் எழுதுவோம் என்கிறது கட்சி. அங்கேயும் பெயரைக் கையால்தான் எழுதுகிறார்கள். சீக்கிரமே தேர்தல் வந்தாலும் வரும். அதற்காகப் புதுப் பக்கம் ஒன்று தயார் செய்திருந்தார். ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு, கீழ்வரியில் கட்சியின் இரண்டு எழுத்து, பெயர்கள் முப்பத்திரண்டு. மேல்வரி காலியாக இருந்தது.

மச்சினன் கடிகாரத்தைக் காட்டினான். நரிதா ரயிலுக்கு நாற்பது நிமிஷம். ஒபாசான் நோட்டை மூடி, மிச்சமிருந்த மிகானை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தார். சென்னை விமான நிலையத்தில் பழம் விடமாட்டார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. ரயிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றேன்.